தொட்டிக்குள் ஒரு கடல்



ஐம்பூதத் தலங்களுள் நெருப்புக்கு உரியது எங்கள் திருவண்ணாமலை. கோடைக்காலத்தில் இவ்வூர்த் தெருக்களில் நண்பகலில் நடந்து பார்த்தவர்கள், அப்பெயர் பொருத்தமானதே என்பதை ஒப்புக்கொள்வார்கள். கடலோ எங்களுக்குத் தொலைவானது. புதுச்சேரிக் கடற்கரையை அடையச் சாலை வழியாக 100 கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். இத்தகைய ஊரில், ஓய்வு பெற்ற ஆசிரியனாகிய நான், கடலை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவர முற்பட்டேன். 2 அடி நீளமும், 1 அடி அகலமும், 1 அடி உயரமும் உள்ள ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் 50 லிட்டர் உப்புநீர். சங்குக்குள் குடியிருக்கும் ஒரு சிறு நண்டு. செம்மஞ்சள் உடலில் மூன்று வெண்பட்டைகள் கொண்ட இரண்டு கோமாளி மீன்கள். இவ்வளவுதான் என் கடல்.

இரண்டாம் நாள் நண்டு இறந்தது. நான்காம் நாள் ஒரு மீனும், ஆறாம் நாள் மற்றொரு மீனும் இறந்தன. அன்று மாலை பக்கத்து வீட்டு மாணவி ஒருத்தி வந்து தொட்டியை உற்றுப் பார்த்தாள். "தாத்தா, தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது? பிறகு மீன் ஏன் இறந்தது?" என்று கேட்டாள். நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் கேள்வி கேட்டுப் பழகிய எனக்கு அன்று விடை சொல்லத் தெரியவில்லை. விடையைத் தேடிப் பழைய நூல்களைப் புரட்டலானேன். அப்பொழுது ஓர் உண்மை புலப்பட்டது. கடல் உயிர்களைத் தொட்டியில் காக்கும் கலைக்கு ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் அறிஞர்கள் ஒவ்வொருவராகக் கற்ற பாடங்களையெல்லாம் கல்லாமல், ஆறே நாட்களில் அவர்களுடைய பிழைகள் பலவற்றையும் நான் செய்து முடித்திருந்தேன்! அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் உப்பைப் பற்றிப் பார்ப்போம். உள்நாட்டு மக்களுக்கும் கடலுக்கும் இடையே பண்டு தொட்டு உறவுப் பாலமாக இருந்தது உப்பே ஆகும். சங்க காலத்தில் உமணர்கள் உப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேட்டு நிலங்களைக் கடந்து வந்து, நெல்லுக்கு மாற்றாக விற்றனர். அந்த நினைவில்தானோ என்னவோ, கடைத்தெருவில் வாங்கிய கல்லுப்பைக் கிணற்று நீரில் கரைத்தால் கடல்நீர் கிடைத்துவிடும் என்றே நானும் முதலில் எண்ணினேன். நண்பர் ஒருவர் தடுத்திராவிட்டால் அதையே செய்திருப்பேன்.

கடல்நீர் ஒரு கிலோவில் ஏறத்தாழ 35 கிராம் உப்புப் பொருள்கள் உள்ளன. அவற்றுள் சமையல் உப்பின் கூறுகளான சோடியமும் குளோரினும் 100க்கு 85 பங்கு. எஞ்சிய 15 பங்கில் மெக்னீசியம், கந்தகச் சத்து, சுண்ணாம்புச் சத்து, பொட்டாசியம் முதலியவை அடங்கும். உப்பளத்தில் நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சார்பான பொருள்கள் முதலில் படிந்துவிடுகின்றன. பிறகு சமையல் உப்பு விளைகிறது. மெக்னீசியம் மிகுந்த கசப்பு நீர் இறுதியில் வடித்து அகற்றப்படுகிறது. ஆகவே, உமணர் கொணர்ந்த உப்பு கடலின் ஒரு பகுதியே அன்றி முழுக் கடல் அன்று.

இதை உலகம் ஐயமின்றி அறிந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். 1872 முதல் 1876 வரை 'சேலஞ்சர்' என்னும் பிரிட்டிஷ் கப்பல் உலகக் கடல்களைச் சுற்றி ஆராய்ந்தது. அக்கப்பல் பல கடல்களிலிருந்து கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்னும் வேதியியலறிஞர் பகுத்துப் பார்த்து, 1884இல் தம் முடிவை வெளியிட்டார். ஒரு கடலில் உப்பு மிகலாம்; மற்றொன்றில் குறையலாம். ஆனால், முக்கிய உப்புகள் ஒன்றுக்கொன்று கொண்டுள்ள விகிதம் எங்கும் ஏறத்தாழ ஒன்றே என்பது அவர் கண்ட முடிவு. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1854இல், ஃபிலிப் ஹென்றி காஸ் என்னும் ஆங்கில இயற்கையியலார் கடற்கரையிலிருந்து நீர் வரவழைக்கும் தொல்லையிலிருந்து விடுபட எண்ணி, நான்கு உப்புகளை அளவாகக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்தார். அதில் கடற்பாசிகளையும் சிற்றுயிர்களையும் வாழவைத்தும் காட்டினார். இன்று கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கும் கடலுப்புக் கலவைக்கு அதுவே முன்னோடி.

நானும் அத்தகைய கலவை ஒன்றைத்தான் வாங்கிக் கரைத்தேன். ஆனால், எதில் கரைத்தேன் தெரியுமா? வீட்டிலிருந்த பித்தளை அண்டாவில்! நம் பெரியோர்கள் குடிநீரைச் செம்பிலும் பித்தளையிலும் வைத்துப் பருகியவர்கள். ஆகவே, அதில் தீங்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. உப்புநீர் பித்தளையை அரித்துச் செம்பைக் கரைத்துக்கொள்ளும். நண்டு, இறால், நத்தை போன்ற முதுகெலும்பில்லா உயிர்களுக்கு அச்செம்பு மிகச் சிறிய அளவிலும் நஞ்சாகும். என் நண்டு இறந்த காரணம் அதுவே. இப்போது பிளாஸ்டிக் வாளி ஒன்றை இதற்கெனவே தனியாக வைத்திருக்கிறேன்.

அடுத்தது காற்று. லண்டன் மாநகரில் முதன்முதலாகக் கடல் உயிர்களை நெடுநாள் காத்தவர் அன்னா தைன் என்னும் பெண்மணி. 1846இல் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள டார்க்கி என்னும் ஊருக்குச் சென்றவர், அங்குக் கண்ட சிறு பவள உயிர்களின் அழகில் ஈடுபட்டார். அவற்றைக் கடற்பஞ்சு ஒன்றில் ஊசி நூலால் தைத்து, அசையாதவாறு சாடியில் வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்தார். புதிய கடல்நீர் எளிதில் கிடைக்கவில்லை. ஆகவே, இருந்த நீரையே திறந்த சன்னலின் அருகில் ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றுமாறு பணிப்பெண்ணை ஏவினார். நம் தேநீர்க் கடைகளில் தேநீரை ஆற்றுவது போன்ற வேலை அது. நாள்தோறும் அரை மணி, முக்கால் மணி நேரம் அப்பெண் ஊற்றினாள். நீரில் காற்றுக் கலந்தது. பவள உயிர்கள் பிழைத்தன. அடுத்த ஆண்டு தைன் அம்மையார் கடற்பாசிகளையும் சேர்த்து வளர்க்கலானார்.

ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலறிஞர் 1850இல் இதற்கு அறிவியல் விளக்கம் தந்தார். நன்னீர்த் தொட்டியில் மீனையும், நீர்ச்செடியையும், நத்தையையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தவர் அவர். செடி வெளியிடும் பிராணவாயுவை மீன் உட்கொள்கிறது. மீன் வெளியிடும் கரியமிலவாயுவைச் செடி பயன்கொள்கிறது. அழுகும் இலையை நத்தை தின்று தூய்மை செய்கிறது. இவ்வாறு ஒன்றுக்கொன்று துணையாக நிற்பதே தொட்டியின் உயிர்நிலை என்றார். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில், காஸ் அவர்களின் துணையோடு, பொதுமக்களுக்கான முதல் மீன் மனை திறக்கப்பட்டது.

காற்றைப் பற்றிய பாடத்தில் எங்கள் ஊருக்கு ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. நீர் சூடேறினால் அதில் பிராணவாயு குறையும். உப்பு மிகுந்தாலும் குறையும். 30 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். அதே வெப்பத்தில் கடல்நீர் ஆறேகால் மில்லிகிராம் அளவே தாங்கும். பவளப்பாறை மீன்களுக்கு உகந்த வெப்பம் 25 முதல் 28 பாகை. எங்கள் சித்திரை மாதத்து வெயிலோ 40 பாகையைத் தொடும். மின்சாரம் நின்று காற்றிறைப்பியும் நின்றுவிட்டால், அன்னா தைன் அம்மையாரின் பணிப்பெண் செய்த வேலையை நாமே செய்ய வேண்டியதுதான். ஓர் இரவு குவளையும் கையுமாக விடியும்வரை நான் அவ்வாறு செய்ததுண்டு. அதன் பின்னரே மின்கலத்தால் இயங்கும் காற்றிறைப்பி ஒன்றை வாங்கினேன்.

இனி அம்மாணவியின் கேள்விக்கு வருவோம். நீர் தெளிவாக இருந்தது, காற்றும் இருந்தது, உப்பும் சரியாக இருந்தது. பின் மீன்கள் ஏன் இறந்தன?

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியா என்னும் கழிவை இடைவிடாது வெளியிடுகிறது. தின்னாமல் விடப்பட்ட உணவு அழுகினாலும் அதுவே உண்டாகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கொடிய நஞ்சு. கடல்நீர் சற்றுக் காரத்தன்மை உடையதாகையால், அந்நஞ்சு நன்னீரில் இருப்பதைவிட அதில் கடுமையாகத் தாக்கும். அகன்ற கடலில் இது ஒரு பொருட்டன்று. 50 லிட்டர் நீரிலோ, நான்கு நாட்களில் அது மரணம்.

இந்நஞ்சை இயற்கை எவ்வாறு அகற்றுகிறது என்பது மீன் தொட்டியில் கண்டுபிடிக்கப்படவில்லை. சாக்கடை நீரில் கண்டுபிடிக்கப்பட்டது! 1877இல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள், மணல் நிரப்பிய நீண்ட குழாயில் சாக்கடை நீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தினர். முதலில் மாற்றம் ஒன்றும் தோன்றவில்லை. சில வாரங்கள் சென்றபின், உள்ளே சென்ற அம்மோனியா நைட்ரேட்டாக மாறி வெளிவந்தது. அக்குழாய்க்குள் குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றுவிட்டது. வெறும் வேதியியல் மாற்றமானால் மயக்க மருந்துக்கு நிற்குமா? ஆகவே, மணலில் குடியேறிய உயிர்களே இவ்வேலையைச் செய்கின்றன என்று அவர்கள் முடிவு கட்டினர். 1890 அளவில் வினோகிராட்ஸ்கி என்னும் ரஷ்ய அறிஞர் அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுத்தார். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை, தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது.

இந்நுண்ணுயிர்கள் மெல்லப் பெருகுபவை. புதிய தொட்டியின் மணலிலும் கல்லிலும் அவை போதிய அளவு குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நானோ நீரை ஊற்றிய மறுநாளே மீனை விட்டேன். என் தொட்டியில் நீர் தெளிவாக இருந்தது உண்மையே. ஆனால், அது உயிரற்ற தெளிவு.

மூன்றாவது பாடம் அளவைப் பற்றியது. "சிறு தொட்டிதானே, எளிது" என்று தொடக்கக்காரர் எவரும் நினைப்பர். உண்மை அதற்கு நேர்மாறானது. ஒரு கணக்கைப் பாருங்கள். 50 லிட்டர் நீரில், லிட்டருக்கு 35 கிராம் வீதம் 1750 கிராம் உப்பு இருக்கிறது. கோடையில் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் ஆவியாவதாக வைத்துக்கொள்வோம். நீர்தான் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. பத்து நாட்களில் எஞ்சுவது 40 லிட்டர் நீரும் அதே 1750 கிராம் உப்பும். இப்பொழுது லிட்டருக்கு ஏறத்தாழ 44 கிராம்! குறைந்த நீரை ஈடுசெய்ய உப்புநீரையே ஊற்றினால் நிலைமை மேலும் கெடும். நாள்தோறும் குறைந்த அளவுக்கு நல்ல தூய நீரையே சேர்க்க வேண்டும். 5000 லிட்டர் தொட்டியிலும் நீர் ஆவியாகும் என்றாலும், ஓரிரு நாள் கவனக்குறைவால் அதன் உப்புத்தன்மை பெரிதும் மாறிவிடாது.

எங்கள் ஊர்த் தீர்த்தக் குளங்களில் மக்கள் பொரியை வாரி இறைப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். மீன்கள் திரண்டு வந்து உண்கின்றன. உண்ணாத பொரியைக் குளத்தின் சேறும் பாசியும் நுண்ணுயிர்களும் மெல்லச் செரித்துவிடுகின்றன. குளத்துக்கு அந்த ஆற்றல் உண்டு. அதற்கும் ஓர் எல்லை உண்டு. தொட்டியில் ஒரு பிடி உணவு மிகுந்தாலே எல்லை கடந்துவிடும்.

இந்த உண்மையைக் கட்டடமாகவே எழுப்பிக் காட்டியவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட் என்பவர். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1864இலும், லண்டன் புறநகரில் உள்ள பளிங்கு அரண்மனையில் 1871இலும் அவர் அமைத்த கடல்மீன் சாலைகளில், மக்கள் காணும் தொட்டிகளைவிடப் பெரிய நீர்த்தேக்கம் ஒன்று நிலத்தடியில் இருளில் இருந்தது. நீர் இடைவிடாது மேலும் கீழும் சுழன்றது. இருளில் பாசி வளராது. நிலத்தடியில் வெப்பமும் ஏறாது. சிறு தொட்டியின் பின்னால் ஒரு பெருந்தொட்டியை மறைத்து வைத்ததே அவர் கையாண்ட வழி.

நம் நாட்டுக்கு இக்கலை வந்த வரலாறும் அறியத்தக்கது. சென்னை மெரினா கடற்கரையில் 1909ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இந்தியாவின் முதல் கடல்மீன் காட்சிச் சாலை திறக்கப்பட்டது. அதைத் திட்டமிட்டவர், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் பணியாற்றிய எட்கார் தர்ஸ்டன். தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி அவர் எழுதிய ஏழு தொகுதிகளும் அதே 1909இல்தான் வெளிவந்தன. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பையும், சங்குக்குளிப்பையும், கடல் உயிர்களையும் பற்றி 1890இலேயே நூல் எழுதியவர் அவர். பாடம் செய்யப்பட்ட உயிர்களைக் காக்கும் அருங்காட்சியகத்தின் தலைவர், உயிருள்ளவற்றைக் காட்ட விரும்பிக் கடலின் அருகிலேயே இடம் தேடினார். புதிய நீர் கூப்பிடு தூரத்தில் இருந்தது அச்சாலையின் பெரும்பேறு. 1919இல் அது மீன்வளத் துறையின் பொறுப்புக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானியர் குண்டு வீசுவர் என்ற அச்சம் சென்னையைப் பற்றிக்கொண்ட 1942இல், அது மூடப்பட்டது. மூடிய சாலை மீண்டும் திறக்கப்படவே இல்லை. நூலகத்தைப் பூட்டிவிட்டுப் போனால் போர் முடிந்தபின் வந்து திறக்கலாம். கடல் தொட்டியை அவ்வாறு பூட்டிவிட்டுப் போக முடியாது. அதைக் காப்பவர் ஒரு நாளும் விலகியிருக்க இயலாது.

இக்கலைக்கு இன்னொரு பெருந்துணையைத் தந்தவர் ஓர் ஆசியர். இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைத் துண்டுகளைத் தொட்டியில் அடுக்கி, மெல்லிய காற்றுக் குமிழிகளை மட்டும் செலுத்தி மீன்களையும் பவள உயிர்களையும் வாழவைத்தார். 1961இல் அம்முறையைக் கட்டுரையாக வெளியிட்டார். பாறையின் நுண்துளைகளில் வாழும் எண்ணற்ற சிற்றுயிர்களே நீரைத் தூய்மை செய்தன. ஷ்லோசிங்கின் மணற்குழாயில் நிகழ்ந்ததே அங்கும் நிகழ்ந்தது.

இவ்வளவும் கற்றபின் ஒரு கேள்வி எஞ்சுகிறது. இவ்வாறு உயிர்களைக் கொண்டுவந்து தொட்டியில் வைக்க நமக்கு என்ன உரிமை உண்டு? இதுவும் வரலாறு எழுப்பிய கேள்விதான். காஸ் எழுதிய நூல்களைப் படித்த ஆயிரக்கணக்கான மக்கள் வாளியும் உளியும் ஏந்திக் கடற்கரைக்குச் சென்றனர். பாறைக் குழிகளிலிருந்த உயிர்களை அள்ளி வந்தனர். அவற்றுள் பெரும்பாலானவை வீட்டுத் தொட்டிகளில் மடிந்தன. தந்தையின் நூல்களே அக்கரைகள் வறிதாகக் காரணமாயின என்று அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளியிட்ட நூலில் வருந்தி எழுதினார். கடலை நேசித்தவரின் நூலே கடலுக்குத் தீங்காக முடிந்தது!

நம் நாட்டில் 1986இல் மன்னார் வளைகுடா தேசியக் கடற்பூங்கா அமைந்தது. 2001இல் பவள உயிர்களும் கடற்குதிரைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்புக்குள் கொண்டுவரப்பட்டன. அவற்றைக் கடலிலிருந்து எடுத்து வருதல் குற்றமாகும். மறுபுறம், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையைக் கண்டிருக்கின்றனர். தொட்டியில் பிறந்த மீனை வளர்ப்பவர் பவளப்பாறைக்குக் கடன்பட வேண்டியதில்லை. கடலில் பிடித்த மீன்களா, வளர்த்த மீன்களா என்று கேளாமலேயே என் முதல் இரு மீன்களை நான் வாங்கினேன். நான் செய்த பிழைகள் எல்லாவற்றிலும் அதையே பெரிதாக எண்ணுகிறேன்.

மறுபடியும் தொட்டியை நிரப்பினேன். இம்முறை மீன் வாங்கவில்லை. உலர்ந்த கல்லும் மணலும் இட்டு, நுண்ணுயிர்களுக்கு உணவாக நாள்தோறும் மிகச் சிறிதளவு மீனுணவைத் தூவி, அம்மோனியா அளவைச் சோதித்துக் குறித்துவந்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் வெறும் நீருக்கு விளக்கு எதற்கு என்று நகைத்தனர். அம்மாணவி மட்டும் நாள்தோறும் மாலையில் வந்து தன் குறிப்பேட்டில் அளவை எழுதிக்கொண்டாள். முதலில் அம்மோனியா ஏறியது, பிறகு இறங்கியது. நைட்ரைட் ஏறியது, அதுவும் இறங்கியது. நாற்பத்தோராம் நாள் இரண்டும் இல்லை என்று கண்டோம். நாங்கள் கண்ணால் காணாத உயிர்கள் அத்தொட்டியில் குடியேறிவிட்டன.

அதன் பின்னரே தொட்டியில் பிறந்து வளர்ந்த இரண்டு கோமாளி மீன்களைக் கேட்டு வாங்கிவந்தோம். ஓராண்டு கடந்துவிட்டது, இரண்டும் நலமாக இருக்கின்றன. அம்மாணவி இப்போது என்னிடம் விடை கேட்பதில்லை. அளந்து பார்த்து விடையை எனக்குச் சொல்கிறாள். சென்ற வாரம் அவளுடைய தோழி ஒருத்தி வந்து, "மீன் வளர்ப்பது கடினமா?" என்று கேட்டாள். அவள் சொன்ன மறுமொழி இதுதான்: "மீனை வளர்ப்பது கடினமில்லை. முதலில் தண்ணீரை வளர்க்க வேண்டும். அதற்குத்தான் பொறுமை வேண்டும்."

நூற்றெழுபது ஆண்டு வரலாற்றை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல என்னால் இயலாது.